தம்மவரும் பிறரும்: குழுப்பற்று பற்றிய உளவியற் கொள்கையும் யாழ்ப்பாணச் சாதியமும்

தம்மைச் சேர்ந்தோருக்கு ஒரு நீதியும் பிறருக்கு வேறொரு நீதியும் வழங்கும் மனப்பாங்கு மனித இயல்பிலேயே வேரூன்றியதொன்றா, அன்றிச் சமூக அமைப்பு மனிதரை அவ்வாறு பழக்கியெடுத்ததன் விளைவா என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவதாகும். 14ஆம் நூற்றாண்டிலே இப்னு கல்தூன் 'அஸபிய்யா' என்னும் எண்ணக்கருவினைக் கொண்டு இதனை அணுகினார். இரத்த உறவு என மக்கள் கருதுவது பெரும்பாலும் கற்பிதமானது என்றும், அவ்வுறவால் விளையும் பரஸ்பர உதவியே அதன் உண்மையான வலு என்றும் அவர் கண்டமை இன்றும் வியப்புக்குரியது. எமது சூழலிலே இவ்வினா வெறும் புலமைசார் வினாவன்று. பதவி உயர்வு, கோயில் அறங்காவல், காணி விற்பனை, கலியாணப் பேச்சு, தேர்தல் ஆகிய யாவற்றிலும் 'எங்கடை ஆக்கள்' என்னும் தொடர் அமைதியாக இயங்கிக் கொண்டேயிருக்கின்றது. அது இயற்கையின் நியதி என ஒரு விஞ்ஞானம் சான்று பகருமாயின், அச்சான்றினால் முதலில் ஆறுதல் பெறுவோர் யாவர் என்பதை நாம் ஊகித்தறிதல் கடினமன்று. எனவே அச்சான்று எத்தகையது என ஆராய்தல் அவசியமாகின்றது.

இத்துறையிலே மிகுந்த செல்வாக்குப் பெற்ற ஆய்வுகள் ஹென்றி தாஜ்பெல் என்பாரால் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடத்தப்பட்டவையாகும். 1919இல் போலந்திலே யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, கல்வியின் பொருட்டுப் பிரான்ஸ் சென்று, பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து, 1940இல் ஜேர்மானியராற் சிறைபிடிக்கப்பட்டவர் அவர். தாம் போலந்து யூதர் என்பதை மறைத்து, பிரெஞ்சு யூதராகக் காட்டிக்கொண்டமையாலேயே அவர் உயிர்தப்பினார். போர் முடிந்து திரும்பியபோது அவர்தம் குடும்பத்தினரும் நண்பரும் ஏறத்தாழ முற்றாக அழிக்கப்பட்டிருந்தனர். காவலரோடு தனிப்பட்ட முறையிலே தமக்கிருந்த உறவு எத்தகையதாயினும், தமது இனம் வெளிப்பட்டிருப்பின் அது ஒன்றே தமது விதியைத் தீர்மானித்திருக்கும் என்னும் உணர்விலிருந்து அவரது ஆராய்ச்சி பிறந்தது. குழுப்பற்றினை நியாயப்படுத்தும் நோக்கம் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. அவரை விமரிசிக்கப் புகுவோர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.

1970இல் வெளியிடப்பட்ட அவ்வாய்வின் அமைப்பு எளிமையானது. பிரிஸ்டல் புறநகர்ப் பாடசாலையொன்றின் 14, 15 வயது மாணவர் 64 பேர் முதற் பரிசோதனையிற் பங்குபற்றினர். திரையிலே கணநேரம் தோன்றிய புள்ளிகளின் எண்ணிக்கையை ஊகிக்குமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். பின்னர், அதனை மிகைப்படக் கணித்தோர், குறைபடக் கணித்தோர் என இரு குழுவினராகப் பிரிக்கப்பட்டிருப்பதாக அவர்களிடம் கூறப்பட்டது. உண்மையில் அப்பிரிவினை தற்செயலாகவே செய்யப்பட்டது. இன்னொரு பரிசோதனையிலே கிளே, கன்டின்ஸ்கி என்னும் இரு ஓவியருள் எவரது ஓவியத்தை விரும்பினர் என்பது பிரிவுக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. தன் குழுவில் எவர் உள்ளார் என்பது எந்த மாணவனுக்கும் தெரியாது. பின்னர் ஒவ்வொருவனும் தனித்திருந்து, முகமறியாத இருவருக்குச் சிறு பணத்தொகைகளைப் பங்கிட வேண்டியிருந்தது. தனக்கெனத் தானே எதனையும் ஒதுக்கிக்கொள்ள அவனால் இயலாது.

அவர்கள் தமது குழுவினனுக்குச் சார்பாகவே பங்கிட்டனர் என்பது அனைவரும் அறிந்த முடிவு. ஆயின் பங்கீட்டுக்கெனக் கொடுக்கப்பட்ட எண் வரிசைகளை நுணுகி நோக்குமிடத்து வேறு இரு விடயங்கள் புலனாகின்றன. வரிசையொன்றின் ஒரு முனையிலே தம்மவனுக்கு 7, பிறனுக்கு 1 என்றும், மறுமுனையிலே தம்மவனுக்கு 19, பிறனுக்கு 25 என்றும், நடுவிலே இருவருக்கும் 13 என்றும் எண்கள் அமைந்திருந்தன. தம்மவனின் நன்மையொன்றே கருதப்படுமாயின் 19ஐத் தெரிதலே முறை. அங்ஙனம் தெரிந்தாற் பிறனுக்கு 25 சென்றுவிடும். மாணவர் அதனை விரும்பினாரல்லர். தம்மவன் பெறும் தொகை குறையினும், பிறனைவிட அவன் மேலாக நிற்றலையே அவர்தம் தெரிவு நாடியது. இது முதலாவது விடயம். மற்றையது பாடநூல்களிலே பெரிதும் மறக்கப்படுவது: அவர்களிற் பெரும்பாலோர் வரிசையின் அந்தத்துக்குச் சென்றாரல்லர். சமமான பங்கீட்டை அண்டிய இடத்திலேயே நின்றனர்; அங்கிருந்து சற்றே தம்மவன்பாற் சாய்ந்தனர். நியாயவுணர்வும் அங்கே வலுவாக இயங்கியதைத் தாஜ்பெலும் ஏற்றுக்கொண்டுள்ளார்.

இவ்விரண்டாவது விடயம் கைவிடப்பட்டு, 'பெயரளவிலான பிரிவினை ஒன்றே பாரபட்சத்துக்குப் போதுமானது' என்னும் வாய்பாடாக இவ்வாய்வு உலகெங்கும் பரவியது. வாய்பாடுகள் ஆய்வுகளைவிட வேகமாகப் பயணஞ் செய்வன.

இவ்வாய்வுக்கூட உலகினை யார் படைத்தார் என்பதே நாம் எழுப்பவேண்டிய முதல் வினா. கோட்டினை வரைந்தவர் ஆய்வாளர். பெயரிட்டவர் அவர். ஒருவரைப் பற்றி மற்றவர் அறியத்தக்க செய்தி குழுப்பெயர் ஒன்றேயென வரையறுத்தவரும் அவரே. பாடசாலையிலே, வளர்ந்தோரின் அதிகாரத்தின் கீழ், அணி பிரிந்து போட்டியிடப் பழகிய மாணவனிடம் அணியின் பெயரைக் கொடுத்துப் பங்கிடச் சொன்னால் அவன் வேறெதனை ஆதாரமாகக் கொள்வான்? அவ்வாய்வுகளிலே தாஜ்பெலுடன் இணைந்து பணியாற்றிய மைக்கல் பில்லிக், 1976இல் வெளிவந்த தமது நூலிலே, கருத்துநிலை என்னும் எண்ணக்கருவினைப் புறந்தள்ளிக் குழு உறவுகளை விளக்கவியலாதென வாதிட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. நியூசிலாந்திலே மார்கரட் வெதரெல் இதே முறையிற் செய்து 1982இல் வெளியிட்ட ஆய்வுகளிற் பொலினீசியச் சிறார் பிற குழுவினருக்கும் தாராளமாகவே வழங்கினர். கொடுத்தல் கௌரவத்தின் அடையாளமாகும் பண்பாட்டிலே அதே எண்கள் வேறு பொருள் பெறுகின்றன.

இதனினும் முக்கியமானது யப்பானிய ஆய்வாளர் யமகிஷியும் அவர்தம் சகபாடிகளும் கண்ட முடிவு. ஒருவனுக்கு நிலையான ஒரு தொகை வழங்கப்படும். பிறர் அவனுக்கு எதனையும் ஒதுக்கப் போவதில்லை. அவன் மாத்திரமே பிறருக்குப் பங்கிடுவான் என நிபந்தனை மாற்றப்பட்டபோது, தம்மவர்க்குச் சார்பான போக்கு மறைந்துபோயிற்று. அதாவது, தம்மவன் தனக்குத் தருவான் என்னும் எதிர்பார்ப்பே தான் அவனுக்குத் தருவதற்கான காரணமாக இருந்தது. முகமறியாதார் மத்தியிலும் 'குழு' என்ற சொல் கேட்டவுடன் கொடுக்கல்வாங்கல் வலையொன்றினை மனிதர் கற்பனை செய்துகொள்கின்றனர். இப்னு கல்தூன் கூறியதும் ஏறக்குறைய இதுவே.

யாழ்ப்பாணச் சமூகத்தை அறிந்தோருக்கு இது புதுமையன்று. மைக்கல் பாங்ஸ் 1960இல் வெளிவந்த தமது கட்டுரையிலே, சாதி என்னும் பெரும் வகுப்பினுள்ளே நடைமுறையில் இயங்குவது 'சொந்தக்காரர்' என்னும் சிறு வட்டமே எனச் சுட்டிக்காட்டினார். கலியாணப் பேச்சிலே 'என்ன பகுதி?' எனக் கேட்கப்படும் வினா இவ்வட்டத்தையே குறிக்கின்றது. சீதனமாகக் காணி கைமாறுவது இவ்வட்டத்தினுள்ளேதான். கடனுக்குப் பிணைநிற்பவரும், கொழும்பிலே எழுதுவினைஞர் வேலைக்குச் சிபாரிசு செய்தவரும், பிற்காலத்திலே லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் ஆளனுப்பப் பணம் புரட்டிக் கொடுத்தவரும் பெரும்பாலும் இவ்வட்டத்தைச் சேர்ந்தோரே. வங்கியும் காப்புறுதியும் அரசும் செய்யவேண்டியதைச் சொந்தக்காரர் வட்டம் செய்துவந்துள்ளது. அங்கே தம்மவர்ப் பற்று என்பது மனத்தின் மாயையன்று. தவணை தவறாது கட்டப்படும் ஒரு காப்புறுதிப் பணம். அதனைக் கட்டத் தவறுவோன் வட்டத்துக்கு வெளியே தள்ளப்படுவான். சாதிமாறி மணஞ்செய்தோர்மீது குடும்பங்கள் காட்டும் கொடூரம் வேறெவ்வகையில் விளங்கத்தக்கது?

இவ்வளவில் நின்றுவிடின் நாம் பொருளாதார விளக்கமொன்றினைத் தந்தவராவோம். முற்போக்கு அணியினரின் வழமையான விளக்கமும் அதுவே: குழுப்பற்று நலனின் முகமூடி, நலன் மாறின் முகமூடி கழன்றுவிடும் என்பதாகும். அவ்விளக்கம் எங்கு போதாமற் போகின்றது என்பதைக் காண 1930ஆம் ஆண்டளவிலே எழுந்த சமஆசனப் போராட்டத்தை நோக்குவோம். அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமான ஆசனத்தில் அமர்த்தப்படவேண்டும் எனக் கல்வித் திணைக்களம் பணித்தது. அதுவரை ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலோ வகுப்பறைக்கு வெளியிலோ இருந்தே படிக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸின் முன்னோடிகள் சமஆசனத்தை ஆதரித்து நின்றனர். எதிர்த்தோரோ தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப மறுத்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. யாழ்ப்பாணத்து மேற்சாதியினருக்குக் கல்வியைவிடப் பெரிய முதல் வேறு இருந்ததில்லை. வாங்கிலிருந்த தம் பிள்ளையின் வாங்கு எவ்வகையிலும் குறைக்கப்படவில்லை. அடுத்தவன் பிள்ளைக்கும் வாங்கு கிடைத்தது என்பதொன்றே குறை. அதன்பொருட்டுத் தம் பிள்ளையின் பாடசாலையையே எரிக்கத் துணிந்த மனம், 19ஐ விடுத்து 7ஐ நாடும் மனமேயாகும். பிரிஸ்டல் மாணவரிடம் வெறும் சாய்வாக நின்றது இங்கு வரிசையின் அந்தம்வரை சென்றுவிட்டது. வேறுபாடே இங்கு சொத்து. இதனை நலன் என்று கூறலாம். கூலி, குத்தகை, விளைச்சல் என்னும் கணக்கில் மாத்திரம் எழுதத்தக்க நலன் அன்று.

இது பழங்கதை என்பாருமுளர். 2018இலே தென்மராட்சிக் கோயிலொன்றிலே தேரின் வடத்தை எல்லாச் சாதியினரும் பிடிக்க நேரும் என்பதற்காக, மண் அகழும் இயந்திரத்தைக் கொண்டு தேர் இழுக்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. அடியார் வடம்பிடிக்கும் புண்ணியம் எல்லோருக்கும் இல்லாதொழியட்டும். சிலருக்குக் கிடைக்காதிருந்தாற் போதும் என்பதே அதன் உட்பொருள். எண் வரிசையிலே இதனை எந்த இடத்திற் குறிப்பது என்பதைத் தாஜ்பெலும் கற்பனை செய்திருக்கமாட்டார்.

தாஜ்பெலின் கொள்கை இவ்வாறு ஓர் உண்மையைத் தொட்டுக் காட்டுகின்றது. ஆயினும் 'தம்மவர்' என்னும் கோடு எங்கு வரையப்படும், எப்பொழுது இடம்பெயரும் என்பதை அதனாற் கூறவியலாது. 'எங்கடை ஆக்கள்' என்னும் தொடரையே எடுத்துக்கொள்வோம். சபையிலே பந்தி வைக்கும்போது அது சாதியைக் குறிக்கும். கொழும்புக் கந்தோரிலே யாழ்ப்பாணத்தவரைக் குறிக்கும். புலம்பெயர்ந்த நாட்டின் புகையிரத நிலையத்திலே தமிழர் எவரையும் குறிக்கும். இவற்றுள் எது எங்கு ஒலிக்கும் என்பதை மனத்தின் பொதுவிதி தீர்மானிப்பதில்லை.

அரசியல் வரலாற்றிலே இதற்கு மிகத் தெளிவான சான்று சி. சுந்தரலிங்கமாவார். கணிதப் பேராசிரியராயிருந்து அரசியலுக்கு வந்த அவர், 1948இலே, மலையகத் தமிழரின் குடியுரிமை தொடர்பான மசோதா குறித்து எழுந்த முரண்பாட்டையடுத்து அமைச்சர் பதவியைத் துறந்தவர். 1949இலே தேர்தற் சட்டத் திருத்தத்தின் வழியாக அம்மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டபோது தமிழ்க் காங்கிரஸின் தலைமை அமைச்சரவையிலே வீற்றிருந்தது என்பதோடு ஒப்பிடுகையில் அவர் செயலின் பெருமை விளங்கும். தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர் என்பது அவர் அறியாததன்று. அதே சுந்தரலிங்கம் 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலிலே, ஒடுக்கப்பட்ட சாதியினர் உட்செல்வதைத் தடுக்க முன்னின்றார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நடைமுறையிலிருந்த காலம் அது. நாடாளுமன்றத்திலே தமிழன் என்னும் கோடு. கோயில் வாயிலிலே சாதி என்னும் கோடு. இவ்விரண்டையும் முரண்பாடாக அவர் உணர்ந்திரார். வெளியே சிங்களப் பெரும்பான்மையின் முன் 'தமிழர்' எனத் திரளவும், உள்ளே யார் தமிழரின் தலைமைக்கு உரியர் என்பதை மாறாது வைத்திருக்கவும் இரண்டு கோடுகளும் தேவைப்பட்டன. இரண்டாவது கோட்டுக்கு முந்திய வரலாறும் உண்டு. டொனமூர் ஆணைக்குழுவின் காலத்திலே சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர்களுட் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர்.

மறுபுறத்திலே வர்க்க அமைப்புகளும் இக்கோடுகளுக்கு அப்பாற்பட்டு நிற்கவில்லை. 1956இலே தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து, ஒருமொழிக் கொள்கை நாட்டை இரண்டாக்கும் என எச்சரித்த இலங்கை சமசமாஜக் கட்சி, 1966 ஜனவரி 8ஆந் திகதி, தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளை எதிர்த்துச் சிறீலங்கா சுதந்திரக் கட்சியோடு கொழும்பு வீதியில் இறங்கியது. கம்யூனிஸ்ட் கட்சியும் உடனிருந்தது. நீண்ட தொழிற்சங்க அனுபவமுள்ள தொழிலாளர் அன்று இனவாதக் கோஷங்களை எழுப்பினர். அதே ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதியன்று சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்திலே மேற்சாதியினராகக் கருதப்பட்ட இடதுசாரிகள் பலர் ஒடுக்கப்பட்டோரோடு தோளிணைந்து நடந்தனர். ஒரே ஆண்டு, ஒரே மார்க்சியப் பாரம்பரியம். கோட்டைத் தாண்டியதற்கும் தாண்டாமைக்கும் காரணம் மனித மனத்தின் அமைப்பிலன்றி, அவ்வவ் அமைப்புகள் எவரோடு கூட்டுச் சேர்ந்தன, எந்த வாக்கினை நம்பின என்பதிலேயே உள்ளது.

தாஜ்பெலுக்கு முன்னோடியான முஸபர் ஷெரிப்பின் வரலாறும் இதனோடு தொடர்புடையது. 1954இலே ஒக்லஹோமாவிலே சிறுவர் 22 பேரை இரு முகாம்களாகப் பிரித்து, போட்டியினாற் பகைமையும் பொதுநோக்கினால் நட்பும் விளைவதை அவர் காட்டினார். அதற்கு முந்திய ஆண்டு நடந்த இதையொத்த ஆய்வொன்று தோல்வியடைந்ததென்பது அண்மைக்காலத்திலே, 2018இல் வெளிவந்த ஜீனா பெரியின் நூலினால் விரிவாகத் தெரியவந்துள்ளது. முதலில் ஒன்றாகப் பழகிப் பின்னர் பிரிக்கப்பட்ட அச்சிறுவர், பகைமையைத் தூண்டுவோர் முகாம் நடத்துவோரே என ஐயுற்றனர். ஒருவரையொருவர் பகைக்க மறுத்தனர்.

இவையனைத்தையும் எமது இலக்கியத்தின்மீது வைத்து நோக்கும்போது ஒரு குறை தெளிவாகின்றது. 1960களின் முற்பகுதியிலே எழுந்த மரபுப் போராட்டத்திலே 'இழிசனர்' மொழியென இகழப்பட்ட பேச்சுவழக்கினை இலக்கியமாக்கிய எழுத்தாளர்கள், சாதிக்கொடுமையை ஈழத்துப் புனைகதையின் மையத்துக்குக் கொணர்ந்தனர். செ. கணேசலிங்கனின் 'நீண்ட பயணம்' 1965இலும் கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இலும் வெளிவந்தன. டானியலின் நாவல்கள் வரலாற்று ஆவணங்களாகவும் நிற்கத்தக்கவை. கிணறு, தேநீர்க்கடைப் பேணி, கோயில் வீதி என அவர் தொட்ட பொருள்கள் யாவும் குழு எல்லை எவ்விடத்திலே சடப்பொருளாக மாறுகின்றது என்பதைத் துல்லியமாகக் காட்டுவன. மதமாற்றத்தின் போதாமையைப் பொருளாகக் கொண்ட 'கானல்', பெயரை மாற்றிக்கொண்டோரைக் கோடு விட்டுவைப்பதில்லை என்பதையும் கூறிற்று.

ஆயின் இப்படைப்புகள் பலவற்றிலே மேற்சாதி மனிதர் வெறுப்பின் வடிவங்களாகவே வந்துபோகின்றனர். அடிக்கின்றனர், எரிக்கின்றனர், பெண்களைச் சீரழிக்கின்றனர். இவை நிகழ்ந்தவையே என்பதில் ஐயமில்லை. ஆனால் சாதியம் நாள்தோறும் உயிர்வாழ்வது வெறுப்பினாலன்று; அன்பினால். அமெரிக்க உளவியலாளர் மரிலின் புருவர் 1999இலே வற்புறுத்தியது போன்று, தம்மவரை நேசித்தலும் பிறரை வெறுத்தலும் ஒன்றின் இரு பக்கங்களல்ல. வெறுப்பேதுமின்றியே பாரபட்சம் முழுமையாக இயங்கவல்லது. தெரிந்த பொடியனுக்கு ஒரு வேலை. மருமகனுக்கு ஒரு சிபாரிசு. சொந்தக்காரப் பிள்ளைக்கு ஊர்ச் சங்கத்தின் புலமைப்பரிசில். ஒவ்வொன்றும் நற்செயல். எவரும் எவரையும் தூற்றவில்லை. யுத்தத்தின் பின்னரும் நலன்புரி நிலையங்களில் நெடுங்காலம் எஞ்சியிருந்தோரிற் பெரும்பாலோர் காணியற்ற ஒடுக்கப்பட்ட சாதியினராயிருந்தமைக்கு எவரேனும் ஒருவரின் கொடுமையைக் காரணமாகக் காட்டவியலாது. அவர்களுக்குக் காணியெழுதிக் கொடுக்கக்கூடிய சொந்தக்காரர் இல்லை என்பதே காரணம்.

இதனைக் கூறுங்கால் இரு பக்கத்துப் பற்றினையும் ஒரே தராசில் இடும் பிழையையும் தவிர்த்தல் வேண்டும். பிரிஸ்டல் ஆய்விலே இரு குழுக்களும் சமமானவை. ஒன்று மற்றதன் கிணற்றைப் பூட்டிவைக்கவில்லை. டொமினிக் ஜீவா யாழ்ப்பாண நகரிலே தாம் தொழில்புரிந்த ஜோசப் சலூனிலிருந்தே 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். தமது பிறப்பையும் தொழிலையும் ஒருபோதும் மறைத்தாரல்லர். இழிவென ஒட்டப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து சூடிக்கொள்வதைத் தாஜ்பெலின் கொள்கையும் ஒரு வழிமுறையாக வகுத்துள்ளது. ஆயினும் 'மல்லிகை'யின் பக்கங்கள் எல்லாச் சாதி எழுத்தாளருக்கும், முஸ்லிம், மலையக எழுத்தாளருக்கும் திறந்திருந்தன. சிங்கள எழுத்துகளின் மொழிபெயர்ப்புகளும் அதில் வெளியாகின. ஒடுக்கப்பட்டோர் தம்முள் ஒன்றுதிரள்வது பூட்டினைத் திறப்பதற்கு. மேற்சாதியினர் ஒன்றுதிரள்வது சாவியைத் தம்மிடமே வைத்திருப்பதற்கு. இரண்டையும் 'குழுப்பற்று' எனும் ஒரே சொல்லால் அழைக்கும் உளவியல், அளவிடும் கருவியைச் செம்மைசெய்து அளக்கப்படும் பொருளைத் தவறவிடுகின்றது.

எனவே எமது புனைகதை இனிச் செல்லவேண்டிய இடம் எரிக்கப்பட்ட குடிசையைவிட, அதற்கு இரண்டு ஒழுங்கை தள்ளியுள்ள நாற்சார் வீட்டின் உட்புறமாக இருக்கலாம். அங்கே கலியாணத் தரகர் குறிப்புப் புத்தகத்தோடு வந்து அமர்ந்திருப்பார். வீட்டுக்காரர் படித்தவர், நல்லவர், எவரையும் கடிந்து பேசாதவர். முற்போக்கு ஏடுகளும் அவரது மேசையிற் கிடக்கலாம். தரகர் மூன்று மாப்பிள்ளைகளின் பெயரைச் சொல்வார். வீட்டுக்காரர் தொழிலையோ குணத்தையோ விசாரிக்குமுன் என்ன கேட்பார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அக்கேள்வியைக் கேட்கும்போது அவரது குரலில் உள்ள கனிவை இதுவரை எந்த நாவலும் பதிவு செய்ததாக நாம் அறியோம்.